தேசம்மா வைத்த அளவு

வாடிக்கையாளர்களின் பெயரோடு அவர்கள் வாங்கிய பொருளையும் சேர்த்து செல்போனில் பதிந்து வைப்பது என் வழக்கம். சென்ற மாதம் ஒரு நாள் காலையில் கடையைத் திறந்து ஊதுபத்தி ஏற்றிக்கொண்டிருந்தபோது, ‘தேசம்மா சின்ன ஜோடி’ என்று திரையில் வந்தது. எடுத்த எடுப்பிலேயே, “இன்னாக்கா, இப்பவாச்சும் பெரிய ஜோடி வேணும்னு தோணிச்சா?” என்றேன். பேசியது அவர் கணவர் எல்லப்பன். “சார், தேசம்மா போயிடுச்சு சார். விடியக்காலைல நெஞ்சு வலிக்குதுன்னுச்சு. ஆஸ்பத்திரிக்குப் போற வழியிலயே முடிஞ்சிபோச்சு” என்றார். துக்கம் சொல்ல அழைத்தவரிடம் கேலியாகப் பேசினேன் என்று இன்றுவரை கூச்சமாக இருக்கிறது.

மாமல்லபுரத்துக் கடற்கரையில் முப்பது வருடங்களாக மீன் விற்றவர் தேசம்மா. இதைப் படிக்கும் உங்களில் சிலர் அவரிடம் பேரம் பேசித் தோற்றிருப்பீர்கள். நானும் அவரிடம் தோற்றவன்தான். ஆனால் அது செங்கல்பட்டில் என் சொந்தக் கடையில் நடந்தது.

நான் ஸ்பீக்கர் விற்பவன். கடையின் பின்புறம், பாட்டுக் கேட்டுப் பார்ப்பதற்கென்றே ஓர் அறை வைத்திருக்கிறேன். தரையில் கம்பளம், சுவரெல்லாம் கனத்த திரை, வெளிச்சத்தம் ஒரு பொட்டு உள்ளே வராது. அந்த அறையைப் பற்றி எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு. ஒரு நண்பகலில் தேசம்மா அங்கே வந்தார். காலை வியாபாரத்தை முடித்துவிட்டு, கையில் பிளாஸ்டிக் கூடையோடு, பஸ் பிடித்து வந்திருந்தார். முதல் வேலையாக ஸ்பீக்கரின் முன்பக்கத் துணியை வெடுக்கென்று கழற்றினார். எனக்கு உயிரே போய்விட்டது. “அக்கா, அதெல்லாம் கழட்டக் கூடாது!” என்று பதறினேன். “செவுளத் தூக்கிப் பாக்காம மீனு வாங்குவியா நீ?” என்று கேட்டார். கழற்றிய துணியைக் கையில் வாங்கிக்கொண்டேன்.

அதற்கு முன்பே படூரில் ஒரு கடை, தாம்பரத்தில் ஒரு கடை என்று ஏறி இறங்கியிருந்தார். ஓரிடத்தில் அவரை அறைக்குள்ளேயே விடவில்லையாம். அதைச் சொல்லும்போதும் சிரித்துக்கொண்டுதான் சொன்னார். வீட்டில் கணவருக்குச் சர்க்கரை நோயால் இரண்டு கண்ணும் போய்விட்டிருந்தது. கட்டுமரத்திலும் பிறகு படகிலும் போய்வந்த மனிதர், நாளெல்லாம் நாற்காலியில் உட்கார்ந்து பழைய பாட்டுக் கேட்கிறார். உப்புக் காற்றில் பழைய ஸ்பீக்கர் கிழிந்து கரகரக்கிறது. “அந்த மனுசனுக்கு இனிமே காதுதான் எல்லாம். அதுல போய் கரகரன்னு ஊத்திகினு இருக்கலாமா?” என்றார்.

பென்டிரைவில் கொண்டுவந்த பாட்டுகளை நான்கு ஜோடி ஸ்பீக்கர்களில் போட்டுக் காட்டினேன். கண்ணை மூடிக் கேட்டார். பிறகு எழுந்துபோய், என் அருமை அறையின் கதவை அகலத் திறந்துவிட்டார். ஜி.எஸ்.டி. சாலையின் லாரி, பஸ், ஹாரன் எல்லாம் உள்ளே வந்தது. “இந்தச் சத்தத்துல இன்னாக்கா தெரியும்?” என்று எரிந்து விழுந்தேன். “இப்பதான் தம்பி தெரியும். எங்க வூட்ல கதவே சாத்தறதில்ல” என்று திரும்பவும் உட்கார்ந்துகொண்டார். இப்படியே இரண்டு மாதத்தில் மூன்று முறை வந்தார். மூன்று முறையும் கதவைத் திறந்தார்.

மூன்றாவது முறை நானே இறங்கிவந்தேன். இரண்டு ஜோடிகளை வண்டியில் ஏற்றிக்கொண்டு அவர்கள் குப்பத்துக்குப் போனேன். வீட்டு வாசலிலிருந்து கூப்பிடு தூரத்தில் கடல். இடுப்புயரப் பெரிய ஜோடியை முதலில் வைத்து, சத்தத்தைக் கூட்டினேன். பாட்டு வீட்டை நிறைத்தது. “பாத்தீங்களா, கடல் சத்தமே கேக்கல!” என்று பெருமையாகச் சொன்னேன். எல்லப்பன், “ஜோரா கீது சார்” என்றார். தேசம்மா ஸ்பீக்கரைப் பார்க்கவில்லை. கணவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். “இது வேணாம். சின்னத வையி” என்றார். எவ்வளவோ வாதாடினேன். “அவுருக்கு இது ஆவாது தம்பி” என்பதற்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை. சின்ன ஜோடியை மாட்டிக் கொடுத்துவிட்டு, கடுகடுவென்று திரும்பினேன். நல்லதைக் காட்டினாலும் தெரியாத காது என்று கடையில் இரண்டு பேரிடம் சொல்லிச் சிரித்ததும் உண்டு. அந்தச் சிரிப்பை இங்கே ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

காரியம் முடிந்த மறுநாள் அந்த வீட்டுக்குப் போனேன். அதுவரை பாட்டுப் போடவில்லை. ஸ்பீக்கர்களின் மேல் தேசம்மாவின் புடவை ஒன்று போர்த்தியிருந்தது. எல்லப்பன் என் குரலைக் கேட்டதும், “சார், ஒரு ஒத்தாசை” என்றார். ஆம்ப்ளிபயரைத் தடவிக் காட்டினார். சத்தம் கூட்டும் திருகில் ஒரு ஸ்டிக்கர் பொட்டு ஒட்டியிருந்தது. “இதுக்கு நேரா பொட்டியில இன்னொரு பொட்டு இருந்துச்சு. ரெண்டும் வெரலுக்கு ஒண்ணா சிக்கிச்சின்னா, அதான் அளவு. ஒட்டிக் குடுத்தது அவ. ஈரக் காத்துல பொட்டியில இருந்தது உழுந்துபோச்சு. எடம் புரியல.”

“எது அளவுண்ணே?” என்று கேட்டேன்.

“பாட்டும் கேக்கணும், கடலும் கேக்கணும். அந்த அளவு” என்றார். பிறகு, கொஞ்சம் தயங்கிச் சொன்னார்: “அன்னிக்கு நீ பெருச வச்சு, கடலே கேக்கலன்னு சந்தோசப்பட்டியே, எனக்குத் தெசயே தெரியாமப் போச்சு சார். கண்ணு போனதுலருந்து, கடல் சத்தத்த வச்சுதான் வாசல் எந்தப் பக்கம், அலை எப்படிக் கீது, நம்ம ஆளுங்க போலாமா கூடாதான்னு சொல்லிகினு இருக்கேன். அது திடீர்னு காணாம போனா? நீ ஆசையா எடுத்தாந்தியேன்னு வாய் தொறக்கல. நாற்காலிக் கைய கெட்டியா புடிச்சிகினேன். அவ அதப் பாத்துட்டா.”

அன்று நானும் அங்கேதான் நின்றிருந்தேன். எனக்கும் இரண்டு கண் இருந்தது. அந்தக் கையை நான் பார்க்கவில்லை.

சுவரில் இருந்த கண்ணாடியின் ஓரத்தில், தேசம்மா கழற்றி ஒட்டி வைத்த பொட்டுகள் நான்கைந்து இருந்தன. எல்லப்பனிடம் கேட்டு ஒன்றை எடுத்துக்கொண்டேன். புடவையை மடித்து எல்லப்பன் மடியில் வைத்தேன். வாசல் கதவு திறந்தே இருந்தது. பாட்டைப் போட்டுத் திருகை மெல்லத் திருப்பினேன். பல வருடத் தொழிலில் முதல் தடவையாக, பாட்டுக்கு வெளியே காது வைத்துக் கேட்டேன். அலை வந்து உடைந்தது, பாட்டும் வந்தது. இன்னும் ஒரு மயிரிழை திருப்பினேன். நாற்காலிக் கையை இறுகப் பிடித்திருந்த அவர் விரல்கள் தளர்ந்தன.

“அங்கதான்” என்றார்.

கைக்குட்டையால் ஈரத்தைத் துடைத்துவிட்டு, திருகின் பொட்டுக்கு நேராகப் பெட்டியில் பொட்டை ஒட்டினேன். தேசம்மாவிடமிருந்து எனக்கு மிஞ்சியது இதுதான்: இப்போதெல்லாம் யார் பாட்டுக் கேட்டுப் பார்க்க வந்தாலும், முதலில் என் அறையின் கதவைத் திறந்து வைக்கிறேன். பிறகு ஸ்பீக்கரை விட்டுவிட்டு, வந்தவருடைய கையைப் பார்க்கிறேன்.