மூன்றாவது பால்குடம்

வணிகப் படிப்பின் முதலாண்டுப் பிள்ளைகளுக்கு ஒப்பந்தச் சட்டம் நடத்துவது என் வேலை. தீவு நகரமான ஜார்ஜ்டவுனில் ஒரு தனியார் கல்லூரி, இருபத்திரண்டு வருடங்கள். அந்தப் பிள்ளைகளுக்குச் சட்டம் வேண்டாம், தேர்ச்சி போதும். அவர்களைத் தூங்கவிடாமல் வைத்திருக்க என்னிடம் ஓர் உதாரணம் இருந்தது.

ஒரு பெண் ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று, "முருகா, என் கணவரைப் பிழைக்க வை, மூன்று வருடம் தைப்பூசத்துக்குப் பால்குடம் எடுக்கிறேன்" என்று வேண்டிக்கொள்கிறாள். இது ஒப்பந்தமா? இப்படிக் கேட்டதும் வகுப்பு விழித்துக்கொள்ளும். முன்மொழிவு இருக்கிறது, சரி. ஏற்பு எங்கே? முருகன் தலையாட்டினாரா, வாட்சாப்பில் பதில் போட்டாரா? அப்புறம் அந்தக் கணவன் யார்? பலன் முழுக்க அவனுக்கு, ஆனால் பேச்சுவார்த்தையில் அவன் இல்லவே இல்லை. அவன் வெளியாள், அவனை எதுவும் கட்டாது. இந்த இடத்தில் நெஞ்சைத் தொட்டுக் காட்டி, "அந்த அதிர்ஷ்டசாலி நான்தான்" என்பேன். சிரிப்பு அடங்க ஒரு நிமிடம் ஆகும்.

உண்மையிலேயே அது நான்தான். இதயக் குழாயில் மூன்று அடைப்பு. என்னை அறுவை அறைக்குள் தள்ளிக்கொண்டு போனபோது, என் மனைவி வெளியே நின்று வேண்டிக்கொண்டாள். கண் விழித்த மூன்றாம் நாள் அதைச் சொன்னாள். தையல் போட்ட நெஞ்சோடு படுத்துக்கொண்டே, "டாக்டருக்கு என்ன எடுக்கப் போற, தயிர்க்குடமா?" என்று கேட்டேன். அவள் சிரித்தாள். எனக்குக் கோயில்மேல் கோபம் எதுவும் கிடையாது. எல்லாவற்றையும் கேள்வி கேட்கிறவன் என்ற ஒரு வீம்பு இருந்தது, அவ்வளவுதான். ஆளைவிட வீம்பு பெரிதாக வளர்ந்துவிட்டது.

அவள் பாயான் பாருவில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் வேலை பார்த்தாள். நாளெல்லாம் உருப்பெருக்கியில் குனிந்து சின்னச் சின்னத் தகடுகளில் கீறல் தேடும் வேலை. தைப்பூசத்துக்கு முன்னால் நாள் கணக்கில் விரதமிருந்து, வேலைக்கும் போய்வந்து, அன்று காலை மஞ்சள் சேலை கட்டி, வெறுங்காலோடு தண்ணீர்மலை முருகன் கோயிலுக்கு நடந்து போவாள். துணைக்கு அதே தொழிற்சாலையில் வேலை பார்த்த ஓர் அக்கா. முதல் வருடம் நான் வீட்டில் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன். இரண்டாம் வருடம் விசிறியைப் போட்டுக்கொண்டு சோபாவில் தூங்கினேன். கொப்புளம் வைத்த காலோடு அவள் திரும்பி வந்து என் நெற்றியில் விபூதி பூசினாள். "ரசீது குடுத்தாரா?" என்று கேட்டேன். அதற்கும் சிரித்தாள்.

இந்த இரண்டு தைப்பூசங்களுக்கும் நடுவே ஒரு நாள் நடந்ததைச் சொல்ல வேண்டும். அன்று அவளுக்கு விடுமுறை. நான் மாத்திரை டப்பாவை மறந்து வீட்டிலேயே வைத்துவிட்டு வந்திருந்தேன். அதை எடுத்துக்கொண்டு கல்லூரிக்கு வந்து, வகுப்பின் கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்றிருக்கிறாள். உள்ளே நான் நெஞ்சைத் தொட்டுக் காட்டி அந்த உதாரணத்தை முடிக்கிறேன், அறுபது பிள்ளைகள் சிரிக்கிறார்கள். திரும்பினால் அவள். எப்போது வந்தாள் என்று தெரியவில்லை. வெளியே போனேன். டப்பாவைக் கையில் கொடுத்துவிட்டு, "நல்லா சிரிக்க வைக்கிறீங்க" என்றாள். பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன். அப்படி எடுத்துக்கொள்வதுதான் எனக்கு வசதியாக இருந்தது.

இரண்டாம் தைப்பூசம் முடிந்த சில மாதங்களில் அவள் இறந்துபோனாள். காலையில் தொழிற்சாலை பஸ்ஸுக்குள் ஏறி உட்கார்ந்தவள் அப்படியே சாய்ந்துவிட்டாள். மூளையில் இரத்தக் கசிவு. இரண்டு நாள் மருத்துவமனை. அவள் நின்ற மாதிரியே நானும் வராந்தாவில் நின்றேன். வேண்டிக்கொள்ள எனக்கு வாய் வரவில்லை. இத்தனை வருடம் பேசிய வாய்.

அதற்கடுத்த தைப்பூசம் தீட்டில் கழிந்தது. சாவு வீட்டுக்காரன் ஒரு வருடத்துக்கு மலை ஏறக்கூடாது என்று உறவினர்கள் சொன்னதும், வழக்கமாக வாதாடுகிறவன் மறுபேச்சுப் பேசாமல் கேட்டுக்கொண்டேன். அது எனக்கு ஒரு நல்ல சாக்கு. கல்லூரியில் அந்த உதாரணத்தை நிறுத்திவிட்டேன். ஆனால் மூத்த மாணவர்களின் குறிப்புகள் கைமாறிக்கொண்டேதான் இருக்கும்.

போன வருடம் நவம்பரில், ஒருவர் இறந்தால் அவர் கொடுத்த வாக்கு என்ன ஆகும் என்ற பாடம் நடந்தது. அரிசி மூட்டை அனுப்புகிறேன் என்று ஒப்புக்கொண்ட வியாபாரி இறந்தால், வாரிசுகள் மூட்டையை அனுப்பித்தான் ஆகவேண்டும். ஓவியம் வரைந்து தருகிறேன் என்றவன் இறந்தால், பிள்ளைகள் தூரிகையைத் தூக்க வேண்டியதில்லை. அது அவன் கைக்கு மட்டுமே உரிய வேலை, அவனோடு முடிந்தது. இதைச் சொல்லி முடித்தபோது முன்வரிசையில் ஒரு சீனப் பெண் கையைத் தூக்கினாள். அவள் அம்மா வருடந்தோறும் தண்ணீர்மலைக்குப் பால்குடம் எடுக்கிறவர் என்று முன்பே சொல்லியிருந்தாள்.

"சார், சீனியர் நோட்ஸில் ஒரு மனைவி இருக்கிறார். மூன்று வருடம் என்று வேண்டிக்கொண்டு இரண்டு வருடத்தில் இறந்துவிட்டால், மூன்றாவது எதைச் சேர்ந்தது? அரிசியா, ஓவியமா?"

அவளுக்கு ஒன்றும் தெரியாது. நல்ல மாணவி, நல்ல கேள்வி. அடுத்த வாரம் சொல்கிறேன் என்று வகுப்பை முடித்துவிட்டு, காருக்குள் போய் உட்கார்ந்து அழுதேன். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. அவளுக்கு வாரிசு என்று இருப்பவன் நான் ஒருவன்தான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அக்காவைப் பார்க்கப் போனேன். டத்தோ கிராமாட்டில் வீடு, என்னைவிட நான்கு வயது மூத்தவர், வேலையிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டார். மிச்சமிருக்கும் ஒரு குடத்தை நான் எடுக்கலாமா, ஆண்பிள்ளை எடுத்தால் செல்லுமா என்று கேட்டேன்.

"தம்பி, அவ ஒங்ககிட்ட சொல்லவே இல்லையா?"

"என்னத்தக்கா?"

"மூணாவது வருசம் ரெண்டு பேரும் சேந்து ஏறி வர்றோம்னுதான் அவ வேண்டிக்கிட்டா. ரெண்டு வருசம் அவ எடுக்கிறது, மூணாவது நீங்களும் கூட நடக்கிறது. அவரு நல்லாயி, அந்தப் படியில எங்கூட ஏறணும் முருகான்னு. எல்லார்கிட்டயும் அதையேதான் சொல்லிக்கிட்டு இருந்தா."

நான் எதையோ சொல்ல வாயெடுத்தேன். வந்தது சட்டம்தான். என்னைக் கேட்காமல் என் பெயரில் வாக்குக் கொடுத்தால் அது என்னைக் கட்டாது. பிறகு நானாக ஏற்றுக்கொண்டால்தான் கட்டும். அதற்கு முதலில் என்னிடம் சொல்லியிருக்க வேண்டும். இதை வெளியே சொல்லவில்லை. "ஏன் எங்கிட்ட சொல்லல?" என்று மட்டும் கேட்டேன்.

"பயந்தா லா. காலேஜுல எல்லாரையும் சிரிக்க வச்சீங்களாம். நேரா கேட்டா அதையும் ஜோக்காக்கிடுவாருக்கா, அப்புறம் எனக்குத் தாங்காதுன்னா. ஒரு தடவ சாடையா கேட்டுப் பாத்தாளாம்."

கேட்டாள். இரண்டாம் தைப்பூசம் முடிந்த அன்று மாலை, கால்களை வெந்நீரில் வைத்துக்கொண்டு, "அடுத்த வருசம் நீங்களும் லீவு போடுறீங்களா?" என்றாள். பொது விடுமுறைக்கு எதற்கு லீவு என்று அவளைத் திருத்தினேன். விரத நாட்களுக்குச் சேர்த்து என்றாள். "வேண்டிக்கிட்டது நீ. நான் வெளியாள்" என்றேன். அவள் துண்டை எடுத்துக் காலைத் துடைத்துக்கொண்டாள்.

இந்த வருடம் விரதம் இருந்தேன். அந்த மாணவியின் கேள்விக்கு, சட்டப்படி அது ஓவியம், அவரோடு முடிந்துவிட்டது என்று வகுப்பில் பதில் சொல்லியிருந்தேன். அது சரியான பதில், தேர்வில் முழு மதிப்பெண் கிடைக்கும். ஆனாலும் மஞ்சள் வேட்டி வாங்கினேன். தைப்பூசத்தன்று காலை ஏழு மணிக்கு அக்காவோடு நடக்கத் தொடங்கினேன். தலையில் குடத்தைப் பிடித்த கை அரை மணி நேரத்தில் மரத்துப்போனது. தார் ரோடு சுடச் சுட, இரண்டு வருடமும் இதே ரோட்டில் அவள் நடந்தாள் என்ற ஒன்றே மனத்தில் ஓடியது. தண்ணீர்ப் பந்தலில் ஒரு சீனக் கிழவர் என் காலில் மஞ்சள் தண்ணீர் ஊற்றினார்.

படிகள் ஐந்நூறுக்கு மேல். பாதியில் ஒரு திருப்பத்தில் அக்கா நின்றார்.

"கொஞ்சம் நில்லுங்க தம்பி. இங்கதான் அவ நிப்பா."

மூச்சு வாங்கத்தானே என்றேன்.

"இல்ல லா. கீழ பாக்க. ரெண்டு வருசமும் நின்னா. அவரு மனசு மாறி இப்பவே வந்தாலும் வருவாருக்கான்னுவா. பாலு திரிஞ்சிரும் வாடின்னு நான்தான் இழுத்துக்கிட்டுப் போவேன்."

ஓரமாக ஒதுங்கி நின்று கீழே பார்த்தேன். மஞ்சள் உடுப்பில் கூட்டம் கூட்டமாக ஏறி வந்துகொண்டிருந்தார்கள். கணவனும் மனைவியுமாகச் சிலர் வந்தார்கள். எத்தனை முகத்தை அவள் பார்த்திருப்பாள். அப்போது நான் எழுந்து பல்கூடத் துலக்கியிருக்க மாட்டேன். ஒரே ஒரு தடவை வந்திருக்கலாம். நம்பிக்கை வேண்டாம், வேண்டுதல் வேண்டாம், அவளுக்காக வந்திருக்கலாம்.

மேலே போய்ப் பாலைக் கொடுத்தோம். அது சிலையில் வழிந்து இறங்குவதைப் பார்த்துக்கொண்டே அக்கா கைகூப்பினார். கூட்டம் எங்களை வெளியே தள்ளியது.

"முடிஞ்சிருச்சு தம்பி. அவ வேண்டுதல் முடிஞ்சிருச்சு" என்று அக்கா என் முதுகைத் தட்டினார்.

"இல்லக்கா" என்றேன். "ரெண்டு பேரும் சேந்து வர்றோம்னுதான சொன்னா."

அக்கா என் கையிலிருந்த காலிக் குடத்தை வாங்கிக்கொண்டு, எனக்கு முன்னால் படி இறங்கத் தொடங்கினார்.