பாரிஸிலிருந்து லண்டன் பாதி தூரம்தான்

மெல்பேர்ன் புறநகர் டார்னெய்ட்டில் ஏறியதிலிருந்து டாக்ஸி ஊர்கிறது. சிட்னி விமானத்தைத் தவறவிடப் போகிறேன்.

"கொஞ்சம் வேகமா போங்க தம்பி."

ஓட்டுபவர் யாழ்ப்பாணத்து இளைஞர். ஸ்டீயரிங் பக்கத்தில் மாட்டிய போனையே அடிக்கடி பார்க்கிறார். அதன் வரைபடத்தில் சின்ன மஞ்சள் விமானம் ஒன்று கடலைத் தாண்டிக்கொண்டிருக்கிறது.

"பாரிஸும் லண்டனும் இவ்வளவு கிட்டவோ அண்ணை?"

"ஆமா. மெல்பேர்ன்–சிட்னியில பாதி தூரம்தான். ஒரு மணி நேரத்துல போயிடலாம்."

"அதில என்ர அக்கா போறா. அம்மா லண்டனில ஆஸ்பத்திரியில. அக்கா வந்து பார்த்தாப் பிறகு மூச்சு மெஷினைக் கழட்டுவினமாம்."

"நீங்க போகலையா?"

"என்ர விசாவில வெளிய போனா திரும்பி வரேலாது. மனிசியும் பிள்ளையும் இஞ்ச." மறுபடி போனைப் பார்க்கிறார். "அக்காவை ராத்திரி பஸ்ஸில போகச் சொன்னனான். அங்க விடியும் வரைக்கும் எண்டாலும் அம்மா இருந்திருப்பா. அவ கேக்கேல்லை."

அதன்பிறகு நான் மணி பார்க்கவில்லை.

விமான நிலைய வாசலில் வண்டி நிற்கிறது. பெட்டியை எடுக்க இறங்கப் போனவர் போனைப் பார்த்து அப்படியே உட்கார்ந்துவிடுகிறார். லண்டனுக்கு மேலே மஞ்சள் விமானம் வட்டமடிக்கிறது.

"பாருங்கோ அண்ணை," என்கிறார், முகம் மலர்ந்து. "இன்னும் இறங்க விடேல்லை."