அடுப்பு எரியலீங்க

புயல் அடித்த இரவைப் பற்றி எங்கள் ஊரில் எல்லோரிடமும் ஒரு கதை உண்டு. என்னிடம் இல்லை. நான் தூங்கிவிட்டேன். எங்கள் கூரை பறந்ததும், அப்பா என்னைத் தோளில் போட்டுக்கொண்டு இடுப்பளவுத் தண்ணீரில் பள்ளிக்கூடம்வரை நடந்ததும், வழியில் ஒரு தென்னை எங்களுக்கு நாலடி முன்னால் சாய்ந்ததும் பிறகு கேள்விப்பட்டவைதான். கண் விழித்தபோது மூன்றாம் வகுப்பு அறையில் கிடந்தேன். அப்போது நான் இரண்டாம் வகுப்பு. புயல் என்னை ஒரு வகுப்பு தூக்கிப் போட்டுவிட்டது என்று மற்ற பிள்ளைகளிடம் பெருமை அடித்துக்கொண்டேன்.

எங்கள் தெருவில் முப்பது சொச்சம் குடிசைகள். அத்தனை பேரும் ஒரே மிராசுதாரின் வயலில் நட்டு, களை பறித்து, அறுத்து வாழ்ந்தவர்கள். குடிசை எங்களுடையது, அது நின்ற மண் அவருடையது. குடியிருக்கிற மனை குடியிருக்கிறவனுக்கே என்று சென்னையில் சட்டம் போட்டிருப்பதாகக் கரைவேட்டிக்காரர்கள் மைக் கட்டிச் சொல்லிவிட்டுப் போயிருந்தார்கள். சட்டம் சென்னையிலிருந்து எங்கள் தெருவுக்கு வந்து சேர்வதற்குள் புயல் வந்து சேர்ந்துவிட்டது.

எனக்குத் தெரிந்ததெல்லாம், சாலையிலிருந்து இறங்கினால் முதல் மனை எங்களுடையது, அங்கே நின்றால் தரங்கம்பாடி போகிற பஸ் தெரியும் என்பதுதான். மிராசுதாருக்கும் அந்த இடம் பிடித்திருந்தது. புதிதாக வாங்கிய டிராக்டருக்குக் கொட்டகை போட அதைத்தான் வெகுநாளாகப் பார்த்து வைத்திருந்தார்.

தண்ணீர் வடிந்தபோது தெருவில் ஒரு கூரைகூட இல்லை. சர்க்கார் வண்டி வரும் வரும் என்று எல்லோரும் சாலையைப் பார்த்துக்கொண்டிருக்க, வந்தது ஒரு மாட்டுவண்டி. பக்கத்து டவுனில் விறகு வாடி வைத்திருந்த பாய் ஒருவர், கடைத்தெருக்காரர்கள் நாலைந்து பேரைக் கூட்டிக்கொண்டு, விழுந்த மரங்களுக்கு நடுவே வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்திருந்தார். வண்டியில் ஓர் ஆள் உட்கார்ந்து குளிக்கலாம் போன்ற ஒரு தேக்சா. அதில் சோறும் பருப்பும் கத்தரிக்காயும் ஒன்றாகக் கிடந்து மணத்தன.

எங்கள் பக்கத்தில் சோறு இல்லை என்று யாரும் வாயால் சொல்ல மாட்டார்கள். பட்டினி கிடந்தாலும் “இன்னும் அடுப்பு பத்தவைக்கல” என்றுதான் சொல்வார்கள். பாய்க்கு அது தெரியும். பசிக்கிறதா என்று அவர் யாரையும் கேட்கவில்லை. வண்டியை நிறுத்திவிட்டு, “எந்தெந்த வீட்டுல இன்னும் அடுப்பு எரியலை?” என்று கேட்டார். பெரியவர்கள் கூச்சப்பட்டுக்கொண்டு ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். எனக்குக் கூச்சம் கிடையாது. “எங்க வீட்டுல எரியலீங்க” என்று முதல் ஆளாக ஓடினேன். முதல் கரண்டி எனக்கு விழுந்தது.

அன்று முதல் அது என் வேலையாகிவிட்டது. வண்டிச் சத்தம் கேட்டதும் ஓடுவேன், பாய் கேட்பார், நான் சொல்வேன், கரண்டி சாயும். நாலு நாளில் எனக்கு அந்த வார்த்தைமேல் அபாரமான நம்பிக்கை வந்துவிட்டது. எங்கள் வீட்டில் அதற்குமுன் நான் வயிறு நிறையச் சாப்பிட்டது பொங்கலுக்கும் அறுவடைக்கும்தான். புயல் வருஷம் ஒருமுறையாவது அடித்தால் நல்லது என்று நினைத்ததை இப்போது எழுதவே வெட்கமாக இருக்கிறது. ஆனால் நினைத்தேன்.

ஐந்தாம் நாள் அம்மாவும் அப்பாவும் மிராசுதாரின் தோப்பில் விழுந்த தென்னைகளை அப்புறப்படுத்தப் போயிருந்தார்கள். தெருவே அந்த வேலைக்குப் போயிருந்தது. எங்கள் வீட்டில் புயல் விட்டுவைத்த ஒரே சொத்து அம்மிக்கல். அதை யாரும் தூக்கிக்கொண்டு போய்விடக் கூடாது என்று அம்மா என்னை மனையில் உட்கார வைத்திருந்தாள். நான் அம்மிமேல் உட்கார்ந்து பஸ்ஸுக்காகக் காத்திருந்தேன். பஸ் வரவில்லை. பண்ணைக் கணக்குப்பிள்ளை வந்தார். குடை, கக்கத்தில் நோட்டு, பின்னால் மிராசுதார் வீட்டு ஆட்கள் இரண்டு பேர்.

“இங்க யாரு பாப்பா குடியிருக்கா?”

“யாரும் இல்லீங்க. நாங்க பள்ளிக்கூடத்துல இருக்கோம்.”

“அடுப்பு எரியுதா?”

இந்தக் கேள்விக்குப் பதில் என்னைவிட யாருக்கு நன்றாகத் தெரியும். எழுந்து நின்று சொன்னேன். “எரியலீங்க. புயலு அடிச்சதுலேர்ந்தே எரியலீங்க. பாய் சோறுதான் சாப்பிடுறோம்.”

“கெட்டிக்காரப் புள்ள” என்றார் கணக்குப்பிள்ளை. நோட்டில் எழுதினார். கூட வந்தவர்களிடம் கையெழுத்து வாங்கினார். அவரிடம் தேக்சா இல்லை என்பது மட்டும் எனக்குக் குறையாக இருந்தது. பிறகு அனுப்புவார் போல என்று நினைத்துக்கொண்டேன்.

சாயங்காலம் அம்மா வந்ததும் நடந்ததை ஒரு வரி விடாமல் சொன்னேன். கெட்டிக்காரப் பிள்ளை என்று பட்டம் கொடுத்ததையும் சேர்த்துத்தான். அம்மா தலைச்சும்மாட்டை எடுக்காமல் அப்படியே தரையில் உட்கார்ந்தாள். அப்பா சங்கத்து மாமாவைத் தேடிப் போனார். சங்கத்து மாமா எங்கள் தெருக்காரர், கூலிச் சண்டை எதுவானாலும் சைக்கிளை எடுத்துக்கொண்டு டவுனுக்குப் போகிறவர். அடி விழும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. விழவும் இல்லை. அம்மா என்னை இழுத்து மடியில் வைத்துக்கொண்டு என் தலையில் பேன் பார்க்க ஆரம்பித்தாள். இருட்டிய பிறகும் விடவில்லை. நிறையப் பேன் போல என்று நினைத்தேன்.

மறுநாள் பாய் தேக்சாவைத் திறப்பதற்கு முன்பே அம்மா போய் நின்றாள்.

“நாளையிலேர்ந்து சோறு வேணாங்க பாய்.”

“ஏன் தங்கச்சி? உப்பு கிப்பு கூடிப்போச்சா?”

“அதெல்லாம் இல்லைங்க. நீங்க ஆக்கிப் போடப் போட எங்க அடுப்பு அவிஞ்சு கிடக்குது. அடுப்பு எரியாத மனை காலி மனைன்னு எழுதிக்கிட்டுப் போறாங்க. எங்களுது போயிடுச்சு. மத்தவங்களுதாச்சும் நிக்கட்டும்.”

பாய் கரண்டியை வண்டியில் வைத்தார். பிறகு ஒன்றுதான் கேட்டார். “காஞ்ச வெறகு இருக்கா உங்ககிட்ட?”

ஊரில் காய்ந்த குச்சி ஒன்றுகூடக் கிடையாது. எல்லாம் ஊறிக் கிடந்தது.

அடுத்த நாள் வண்டி வந்தது. வழக்கம்போல முதல் ஆளாக ஓடினேன். தேக்சா இல்லை. வாடியின் உட்கொட்டகையில் நனையாமல் இருந்த சவுக்கு விறகு முழுவதையும் பாய் ஏற்றிக்கொண்டு வந்திருந்தார். வீட்டுக்குப் படி கணக்கில் அரிசி, ஒரு மண்பானை, தலைக்குமேல் பிடித்துக் கட்டச் சாக்கு. அவரும் கடைத்தெருக்காரர்களும் விறகைத் தோளில் சுமந்துகொண்டு மனை மனையாக இறக்கினார்கள். பள்ளிக்கூடம் காலியாயிற்று. அவரவர் மனையில் மூன்று மண்கட்டியை வைத்து, சாக்கைக் கட்டி, தூறலில் அடுப்பு மூட்டினார்கள். தெரு முழுக்கப் புகை. சோறு பாதி வேகாமல் பாதி கரிந்து போயிருந்தது. அதைத் தின்னமாட்டேன் என்று அழுதேன்.

“என்ன பாப்பா, இன்னிக்குப் பேச்சே காணும்?” என்றார் பாய்.

நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். சோறு போடுவதற்குச் சலித்துப்போய் விறகைத் தலையில் கட்டிவிட்டார் என்பது என் முடிவு. அதற்குப் பிறகு வெகுநாள் அவருக்கு நான் பதில் சொல்லவில்லை.

எங்கள் மனையில் மட்டும் அன்று விடிவதற்குள் மிராசுதார் ஆட்கள் கருவேல முள் அடைத்திருந்தார்கள். அம்மா வேலிக்கு வெளியே சாலை ஓரத்தில் அடுப்பு வைத்தாள். இரண்டு நாள் கழித்து, சங்கத்து மாமா விடாமல் நடையாக நடந்ததில், தாசில்தார் ஜீப்பில் வந்தார். ஒவ்வொரு மனையிலும் புகையைப் பார்த்து, சட்டப்படி மனை அவரவருக்கு என்று ஒவ்வொரு பெயரையும் எழுதிக்கொண்டார். எங்கள் மனைக்கு வந்தபோது கணக்குப்பிள்ளை நோட்டைப் பிரித்துக் காட்டினார். தாசில்தார் படித்தார். “இதைச் சொன்னது யாரு?” என்று கேட்டார். யாரோ என்னைக் காட்டினார்கள். ஜீப்பில் வந்தவர் என்னைப் பார்க்கிறார் என்றதும் நான் பல் தெரியச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. இந்த ஒன்றை அப்புறம் பார்க்கலாம் என்று சொல்லிவிட்டுப் போனார். அந்த அப்புறம் இன்றுவரை வரவில்லை. அடுத்த தையில் அங்கே டிராக்டர் கொட்டகை எழும்பியது.

நாங்கள் வாய்க்கால் கரைப் புறம்போக்குக்குப் போனோம். போன அன்று தெருவே வந்தது. தங்கள் கூரைக்கே கீற்று போதாதவர்கள் வீட்டுக்கு ஒரு கட்டுக் கீற்று கொண்டுவந்தார்கள். பாய் மூங்கில் அனுப்பியிருந்தார். பொழுது சாய்வதற்குள் வீடு நின்றது. நம்ம மட்டும் ஏன் இங்கே வந்தோம் என்று கேட்டேன்.

“அந்த மனையில பாம்பு ஜாஸ்திடி” என்றாள் அம்மா.

பல வருஷங்கள் கழித்து ஒரு கல்யாண வீட்டில் சங்கத்து மாமா வாய்தவறிச் சொல்லித்தான் எனக்கு விஷயம் தெரிந்தது. நேரே வீட்டுக்குப் போய் அம்மாவைக் கேட்டேன். கீரை ஆய்ந்துகொண்டிருந்தவள் நிமிரவில்லை. “பாம்புதான்” என்றாள். அப்பாவும் சாகும்வரை பாம்பு என்றேதான் சொன்னார்.

வாய்க்கால் கரை எனக்குப் பிடித்திருந்தது. எங்கள் வீட்டுக்கென்று தனியாக ஆறு ஓடுகிறது என்று சொல்லித் திரிந்தேன். அதைவிட, பழைய தெரு வழியாகப் பள்ளிக்கூடம் போகும்போதெல்லாம் ஒவ்வொரு வீட்டிலும் என்னைக் கூப்பிடுவார்கள். ஒருத்தி தலை பின்னி விடுவாள். ஒருத்தி தன் பிள்ளைகளுக்குக் கொடுப்பதற்குமுன் எனக்கு வெல்லக்கட்டி கொடுப்பாள். எந்த வீட்டில் கொழுக்கட்டை வெந்தாலும் முதல் கொழுக்கட்டை எனக்குத்தான். என் சிநேகிதிகளுக்குப் பொறாமை. ஏண்டி உனக்கு மட்டும் என்று கேட்டார்கள். தெருவிலேயே நான்தான் அழகு, அதனால்தான் என்று சொன்னேன். நானும் அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தேன்.