மலையடியில் நாங்கள், கடற்கரையில் சோறு

நான்கு வருடங்களுக்கு முன் கோடை விடுமுறைக்குத் திண்டிவனத்தில் நாத்தனார் வீட்டில் தங்கியிருந்தோம். விழுப்புரத்திலிருக்கும் என் அண்ணனுக்கு, "ஞாயிறு செஞ்சி மலை, திங்கள் மரக்காணம் கடற்கரை. சோறும் தண்ணீரும் நீங்கள் கொண்டுவாருங்கள்" என்று கார்டு போட்டேன்.

ஞாயிறன்று மலையடிவாரத்தில் உச்சிவெயில் வரை காத்திருந்தோம். அண்ணன் வரவில்லை. நாள் தவறா, இடம் தவறா என்று நான் குழம்பிக்கொண்டிருந்தபோதே என் ஐந்து வயது மகள் மயங்கிச் சரிந்தாள். ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு அம்மாள் ஓடிவந்தார்.

"இன்னாம்மா, கொயந்தைய வெயில்ல வச்சிக்கினு நிக்கிற? ஜல்தி நெயலுக்குத் தூக்கு!"

அவர் தம் கேப்பைக் கூழைக் கரைத்துப் புகட்டிய பிறகே மகள் கண் திறந்தாள்.

மாலையில் அண்ணன் நாத்தனார் வீட்டுக்கு, காலில் கடல்மணலும் கையில் பிரிக்காத சோற்று மூட்டையுமாக வந்தார். "ஞாயித்துக்கெழம மேற்கால போலாமா? சூலமாச்சே! நீயும் காலண்டர் பாத்து மாத்திக்கினு கடலுக்கு வந்துடுவேன்னு இருந்தேன். சூலத்துல போனா இப்டித்தான் ஆவும்."

நாங்கள் சூலம் பார்க்காததால் மயங்கினாளா, அவர் பார்த்ததால் மயங்கினாளா? இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

இப்போதெல்லாம் மகளுக்கான தண்ணீரை நானே சுமக்கிறேன். கார்டு எழுதுமுன் காலண்டரில் சூலமும் பார்த்துவிடுகிறேன். எனக்கு நம்பிக்கை வந்துவிடவில்லை, அண்ணன் பார்ப்பாரே!