தென்னையில் கட்டிய ஆண்டெனா

நான் இருந்தேன். என் வீட்டுக்காரர் இருந்தார். அவருடைய அக்கா இருந்தார். ஆண்டெனா மாட்ட வந்த மெக்கானிக் இருந்தார். வேறு யாரும் இல்லை.

தரங்கம்பாடிக்கு மேற்கே எங்கள் தெரு. அங்கே போன் கம்பி வரவில்லை. கம்பி இல்லாமல் டவரிலிருந்து பிடிக்கும் வீட்டு போன் வாங்கினோம். சிக்னல் ஒரு கோடுதான் காட்டியது.

மகன் துபாயில் கட்டட வேலை. வரும் சனிக்கிழமை அவனைப் பாலைவனத்தில் வேலைக்கு அனுப்புகிறார்கள். அங்கே போன் கிடையாது. அதற்கு முன்னால், வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுகை முடிந்து கூப்பிடுவதாகச் சொல்லி அனுப்பியிருந்தான்.

மெக்கானிக் இரண்டு ஆண்டெனா கொண்டுவந்தார்.

"சின்னது காத்துக்குத் தாங்கும் பாய். பெருசு தூரத்து டவரைப் பிடிக்கும். ஆனா டவரைப் பார்த்தே நிக்கணும். கொஞ்சம் திரும்புனாலும் போச்சு."

"பெருசே போடுங்க," என்றார் இவர்.

மாடியில் இரும்புக் குழாயை நிறுத்தி, இரண்டு பக்கம் கம்பி இழுத்துச் சுவரில் கட்டினார்கள். மூன்றாவது கம்பிக்குக் கீழே முளை அடித்தார்கள். ஐப்பசிச் சேறு. முளை கையோடு வந்தது. இவர் தென்னையைக் காட்டினார்.

"மரம் ஆடுமே பாய்."

"புயலுக்கே விழாத மரங்க அது."

"விழாது. ஆடும்."

அக்கா சிரித்தார். "உன்ன மாதிரிதான்டா. விழவும் மாட்டே, ஒரு எடத்துல நிக்கவும் மாட்டே."

மழை பிடித்துக்கொண்டது. தென்னையிலேயே கட்டினார்கள். நான்கு கோடு வந்தது.

வெள்ளிக்கிழமை காற்று. போன் வந்தது. "அம்மா" என்றான். அடுத்த பேச்சு கேட்கவில்லை. மரம் ஆடும்போதெல்லாம் கம்பி குழாயைத் திருப்பியது. இவர் மாடிக்கு ஓடினார். மரத்துக் கம்பியை வெட்டிவிட்டு, குழாயைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். நான் போனில் கோட்டைப் பார்த்துச் சொல்ல, அக்கா வாசலில் நின்று கத்தினார்.

"மேக்கால திருப்புடா! இன்னும்! போதும், ஆடாம நில்லு!"

குரல் தெளிந்தது.

மேலேயிருந்து இவர் கத்தினார். "போகப் பிடிக்கலேன்னா ஊருக்கு வந்துடச் சொல்லு!"

சொன்னேன். அவன் அப்பாவைக் கேட்டான்.

"அத்தாகிட்ட குடுங்கம்மா."

"மாடியில ஆண்டெனாவைப் புடிச்சிக்கிட்டு நிக்கிறாங்க."

"எறங்கி வரச் சொல்லுங்க."

"எறங்குனா நீ பேசுறது கேக்காதுப்பா."

"சரி. நான் போறேன்னு சொல்லிடுங்க."

வைத்துவிட்டான்.

இவர் இறங்கி வந்தார். சட்டையெல்லாம் துரு.

"என்ன சொன்னான்?"

"போறானாம்."

"நான் ஆடாம நின்னதுல எவ்வளவு நேரம் பேசுனான்?"

போனில் பார்த்துச் சொன்னேன்.

ஆறு நிமிடம்.