செக்ரோலில் நான் வெட்டிய அப்பாமார்

1. மூன்று பேர் வந்த நேர்முகத் தேர்வு

ஓய்வு பெற்ற நாலாவது மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் விஜயலட்சுமி என் வீட்டு வாசலில் வந்து நின்றாள். கையில் ஒரு பிளாஸ்டிக் ஃபைல். அக்கரப்பத்தனைப் பக்கம் நான் முப்பத்தோரு வருஷம் ஆபீஸில் கணக்கெழுதும் கிளாக்கராக இருந்த தேயிலைத் தோட்டத்துப் பெண். கொழுந்து பறித்தவள், பிறகு பிள்ளை மடுவத்தில், அதாவது வேலைக்குப் போகும் தாய்மார் குழந்தைகளை விட்டுப்போகும் இடத்தில், உதவிக்கு நின்றவள். அந்த மடுவத்தின் பொறுப்பாளர் வேலை காலியாகி, நேர்முகத் தேர்வுக்கு அவளுக்குக் கடிதம் வந்திருந்தது. போயிருக்கிறாள். தேர்வு நடக்கவில்லை.

"ஃபைலப் பாத்துட்டு தேர்வு வெக்கிற சேர் சிரிக்கிறாருங்கய்யா. 'ஒருத்தரத்தான் கூப்பிட்டோம், மூணு பேரு வந்திருக்கீங்களே'ங்கிறாரு. மூணும் ஒரே ஆளுன்னு வெள்ளிக்கிழமைக்குள்ள காட்டலேன்னா வேற ஆளுக்குக் குடுத்துருவாங்களாம். ரெண்டு வருஷம் ஞாயித்துக்கிழமையெல்லாம் ஹட்டனுக்கு பஸ் ஏறிப் போயி படிச்சேங்க. மறுபடி மலைக்குக் கூடையத் தூக்கிட்டுப் போறதா?"

ஃபைலை வாங்கிப் பார்த்தேன். பிறப்புச் சான்றிதழிலும் சாதாரண தரப் பரீட்சைப் பெறுபேற்றிலும் பெருமாள் விஜயலட்சுமி. அடையாள அட்டையிலும் பயிற்சிச் சான்றிதழிலும் சிவகுமார் விஜயலட்சுமி. தோட்டம் கொடுத்த சேவைக் கடிதத்தில் வெறும் விஜயலட்சுமி. பெருமாள் அவளுடைய அப்பா. சிவகுமார் மூன்று வருஷத்துக்கு முன் கோர்ட்டில் விவாகரத்தான கணவன்.

"யாரும்மா இப்படிக் குழப்பி வெச்சது?" என்று கொஞ்சம் சத்தமாகவே கேட்டேன்.

அவள் தரையைப் பார்த்தாள். "நீங்கதாங்கய்யா."

2. என் கல்யாணப் பரிசு

இளம் கிளாக்கர்களுக்கு இதை விளக்கமாகச் சொல்லவேண்டும். நம் ஆட்களுக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்று கிடையாது. அப்பா பெயர் முன்னால், தன் பெயர் பின்னால், அவ்வளவுதான். ஆனால் எந்தப் படிவத்தை எடுத்தாலும் குடும்பப் பெயருக்கு ஒரு கட்டம் இருக்கும். கட்டம் இருந்தால் அதில் ஓர் ஆணைக் கொண்டுவந்து உட்காரவைக்காமல் எங்களுக்குத் தூக்கம் வராது.

தோட்டத்தில் ஒரு கல்யாணம் நடந்தால் நான் மாலை, மொய் எல்லாம் கொடுப்பதோடு நிறுத்தமாட்டேன். மறுநாள் காலையே செக்ரோலை, அதாவது தொழிலாளர் பெயர்ப் பதிவேட்டை, திறந்து, பெண்ணின் வரியில் அப்பா பெயரைச் சிவப்பு மையால் வெட்டி, மாப்பிள்ளை பெயரை எழுதிவிடுவேன். பெரட்டுக் களத்தில் ஆள் கணக்கெடுக்கும்போது புதுப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால், பெண் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரிக்கும். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன். ஆட்கள் குடியிருக்கும் லயத்துக் கூரைக்கு ஒரு தகரம் கேட்டால் ஆறு மாதம் இழுக்கும் எங்கள் ஆபீஸில், அப்பாவை மாற்ற அரை நிமிஷம் போதுமாக இருந்தது. மாப்பிள்ளையின் வரியில் மட்டும் நான் கைவைத்ததே இல்லை. கல்யாணத்துக்குப் பிறகும் அவன் அதே ஆள்தான் என்று ஆபீஸ் உறுதியாக நம்பியது.

விஜயலட்சுமி அடையாள அட்டைக்கு விண்ணப்பித்தது கல்யாணத்துக்குப் பிறகுதான். தோட்டக் கடிதத்தை நான் செக்ரோலைப் பார்த்து எழுதினேன். அட்டையில் சிவகுமார் ஏறினார். அட்டையைப் பார்த்துப் பயிற்சிச் சான்றிதழிலும் ஏறினார். பிறகு அவர் வீட்டைவிட்டு இறங்கிப் போனார், காகிதத்தைவிட்டு இறங்கவில்லை.

எனக்குப் பின் வந்த கிளாக்கர் தம்பி கம்ப்யூட்டர்காரர். பழைய விவாகரத்துச் செய்தி காதில் விழுந்ததும் சிவகுமாரை அழித்திருக்கிறார். அப்பா யார் என்று பழைய செக்ரோலைத் தூசிதட்டிப் பார்க்கச் சோம்பல், அப்படியே விட்டுவிட்டார். அவரும் அவளைக் கேட்கவில்லை. தொழில் சரியான கைக்குத்தான் போயிருக்கிறது.

3. பழைய தேதி

புதன்கிழமை நானே அவளோடு நேர்முகத் தேர்வுக்குக் கூப்பிட்ட அலுவலகத்துக்குப் போனேன். முப்பத்தோரு வருஷ சேவை என்று சொன்னால் உத்தியோகத்தர் எழுந்து நிற்பார் என்று நினைப்பு. அவர் நாற்காலியைக்கூடக் காட்டவில்லை.

"கல்யாணப் பதிவு இருக்கு, விவாகரத்துத் தீர்ப்பு இருக்கு. அதெல்லாம் சரி. பேர மாத்தச் சொல்லி இவங்க தோட்டத்துக்குக் குடுத்த விண்ணப்பம் எங்க?"

"அப்படி ஒண்ணு... வழக்கம் இல்லீங்க."

"பின்ன எந்த ஆதாரத்துல மாத்துனீங்க?"

மொய் எழுதிய ஆதாரத்தில் என்று சொல்ல முடியுமா? அவர் சேவைக் கடிதத்தைத் தூக்கிக் காட்டினார். "சரி, இந்த வெறும் விஜயலட்சுமி யாரு?"

"அதுதாங்க சேர் நானு" என்றாள் அவள்.

அறையில் எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

வெளியே வந்து தேத்தண்ணிக் கடையில் உட்கார்ந்ததும் என் கிளாக்கர் மூளை வேலை செய்தது. "இதுக்கு வழி இருக்கு புள்ள. கல்யாணமான வருஷத்துத் தேதியப் போட்டு, 'என் பெயரை மாற்றித் தரவும்'னு நான் ஒரு விண்ணப்பம் எழுதுறேன். நீ கையெழுத்துப் போடு. ஃபைல் சுத்தமாயிரும்."

"நான் கேக்கவே இல்லையேங்கய்யா."

"கேட்ட மாதிரி ஒரு காகிதம். அவ்வளவுதான்."

"கேக்காதத கேட்டேன்னு இன்னிக்கு எழுதிக்குடுத்தா, நாளைக்கு எல்லாத்தையும் நான்தான் கேட்டேன்னு ஆயிரும். அந்த ஆளக் கட்டிவைக்கச் சொல்லியும் நான்தான் கேட்டேன்னு ஆயிரும். வேல போனாலும் பரவாயில்லீங்க, அதுல நான் கையெழுத்துப் போடமாட்டேன்."

ஓடிட்டில், கணக்குத் தணிக்கையில், ஒரு குறை வாங்காதவன் என்று நான் பெருமை பேசாத கல்யாண வீடு கிடையாது. அந்தப் பெருமையைக் காப்பாற்ற, பிழைக்கு அவளையே பொறுப்பாக்கப் பார்த்திருக்கிறேன். வெட்கமாக இருந்தது. எழுதவேண்டிய காகிதம் என்னுடையது, கையெழுத்தும் என்னுடையதுதான் என்று அப்போதுதான் உறைத்தது.

4. சத்தியக் கடதாசி

வியாழக்கிழமை சத்தியக் கடதாசி, அதாவது உறுதிமொழிப் பத்திரம், எழுத ஒரு சமாதான நீதவானிடம் போனோம். நான் சொல்லச் சொல்ல அவர் டைப் செய்தார். மூன்று பெயரும் ஒரே ஆளுடையவை. பெயரை மாற்றியது கிளாக்கராகிய நான். விஜயலட்சுமியைக் கேட்காமலே மாற்றினேன். அங்கே நீதவானின் விரல் நின்றது.

"'கேட்காமலே'ங்கிறத எடுத்துருவோமா ஐயா? உங்களுக்கு மரியாதையா இருக்காதே."

விஜயலட்சுமி என்னைப் பார்த்தாள். "இருக்கட்டும்" என்றேன்.

வெள்ளிக்கிழமை உத்தியோகத்தர் அதை இரண்டு தடவை படித்தார். நாற்காலியைக் காட்டினார். "பிழை எங்க மேலன்னு ஒரு ஆபீஸ்காரர் எழுதிக் குடுத்து இப்பத்தான் பாக்குறேன்" என்று சொல்லி அதை ஃபைலில் குத்திக்கொண்டார். அன்றே தேர்வு நடந்தது. வேலை அவளுக்குத்தான். அட்டையைத் திருத்தவும் கொடுத்துவிட்டாள்.

செய்தி லயத்துக்கு லயம் பரவியது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை பதினொரு பெண்கள் ஃபைலோடு என் வீட்டில். எல்லாருக்கும் தேத்தண்ணி கொடுத்து முடித்த பிறகு, பன்னிரண்டாவதாக என் மனைவி, என் பெயர் ஏறிய தன் அடையாள அட்டையைக் கொண்டுவந்து மேசையில் வைத்தாள். அவளுக்கும் ஒரு சத்தியக் கடதாசி எழுதினேன்.

போன மாதம் பிள்ளை மடுவத்துப் பக்கம் போனேன். விஜயலட்சுமி புதுப் பதிவேட்டோடு உட்கார்ந்திருந்தாள். கல்யாணமாகி இரண்டு வருஷமான ஒரு பெண் கைக்குழந்தையைச் சேர்க்க வந்திருந்தது.

"அம்மா பேருக்கு ஒரு கட்டம் இருக்கு. உங்க பேர எப்படி எழுதணும்?"

அந்தப் பெண் முழித்தது. இதுவரை யாரும் கேட்டிருக்கமாட்டார்கள். கணவன் பெயரைச் சொல்ல வாயெடுத்தது, நிறுத்திக்கொண்டது. "யோசிச்சுச் சொல்லட்டுமாக்கா?"

"யோசிங்க. அதுவரைக்கும் பென்சில்ல எழுதிக்கிறேன்."

முப்பத்தோரு வருஷம் என் மேசையிலும் ஒரு பென்சில் இருந்தது. நான் அதில் காது குடைந்துகொண்டிருந்தேன்.