இடது புருவத்தின் மேல் மச்சம்

வெளிநாடு போக வேண்டிய காகிதங்களை நான் மெழுகுத்துணியில் சுற்றி, வாழைநாரால் கட்டி, எந்நேரமும் கக்கத்தில் இடுக்கிக்கொண்டே நடந்தேன். அடுப்பில் அரிசி போடும்போதும் அது கக்கத்தில் இருக்கும். வீட்டில் பெட்டி இல்லாமலில்லை. பெட்டியைக் கரையான் தின்றால் என்ன செய்வது, ஓடு பிரிந்து மழை விழுந்தால் என்ன செய்வது என்று என் மனம் ஓடிக்கொண்டே இருக்கும். அண்ணன் பார்த்துப் பார்த்துச் சிரிப்பான்.

“பிள்ளே, ஒனக்கு இனி மாப்பிள வேண்டாம். அந்தக் கெட்டு போதும்.”

சும்மா சொல்லக் கூடாது, அந்தக் கட்டைச் சேர்க்க எனக்கு ஒன்பது மாதம் ஆனது. சுவிட்சர்லாந்துக்குப் போக முதலில் பாஸ்போர்ட் வேண்டும். பாஸ்போர்ட்டுக்குப் பிறந்த தேதி வேண்டும். ஐந்தாம் வகுப்போடு நின்றவளுக்குப் பள்ளிக்கூடத்துச் சான்று ஏது? போதகர் சபையின் ஞானஸ்நானப் புத்தகத்தைப் பார்த்து நகல் எழுதித் தந்தார். நடத்தை நல்லது என்று இன்னொரு தாள் தந்தார். அம்மை குத்தி, எட்டாம் நாள் கொப்புளத்தைப் பார்த்து முத்திரை வைத்த மஞ்சள் புத்தகம் ஒன்று. போட்டோ மூன்று. இவளுக்குச் சோறும் துணியும் எங்கள் பொறுப்பு, திரும்பி வரும் கப்பலும் எங்கள் பொறுப்பு என்று மதாம்மா கையெழுத்துப் போட்ட கடிதம். இத்தனையும் சரியாக இருந்தால்தான் பம்பாயில் விசா அடிப்பார்கள். கப்பல் இத்தாலியில் போய் நிற்கும் என்பதால், அந்த நாட்டுக்குள் ஒரே ஒரு நாள் ரயிலில் உட்கார்ந்து போக மட்டும் இன்னொரு விசா. ஒன்று கிடைத்து மற்றது கிடைக்காவிட்டால் கப்பலிலேயே உட்கார்த்தி வைப்பார்களா என்று மதாம்மாவிடம் கேட்டிருக்கிறேன்.

மதாம்மா என்றது எங்கள் மிஷன் ஆஸ்பத்திரி வெள்ளைக்கார டாக்டரின் மனைவி. நான் அங்கே பிள்ளைகள் வார்டில் ஆயா. அவர்களுடைய கைக்குழந்தை பிறந்த நாள் முதல் என் தோளில்தான் உறங்கும். தங்கள் ஊரான சுவிட்சர்லாந்துக்குத் திரும்பும்போது இரண்டு வருஷம் கூட வா என்றார்கள். ஊர் பார்க்கும் ஆசையில் நான் சரி சொல்லவில்லை. பயத்தில் சொன்னேன்.

அது எல்லைக் கிளர்ச்சி நடந்த காலம். தமிழ் பேசும் தாலுகாக்களை மலையாள ராஜ்யத்திலிருந்து பிரித்துச் சென்னையோடு சேர்க்க வேண்டும் என்று ஊர்வலம் போவார்கள். பின்னாலேயே லாரியில் போலீஸ் வரும். பாறசாலைப் பக்கம் எங்கள் வீடு சாலையோரம். லாரி கியர் மாற்றும் சத்தம் கேட்டாலே நான் கதவைச் சாத்திக்கொள்வேன். ஒருநாள் எங்கள் வாசல் படலைக்கு வெளியே ஒருவனைக் கீழே போட்டு மிதித்தார்கள். அவன் போன பிறகு ஒரு பல் அங்கே கிடந்தது. நான் அதை மண் தள்ளி மூடினேன். லாரி வராத ஒரு நாடு உண்டென்றால் அங்கே போய்விட வேண்டும் என்று அன்றைக்குத்தான் தீர்மானித்தேன்.

அண்ணன் ஊர்வலத்துக்குப் போகிறவன். அப்பாவும் அம்மாவும் போன பிறகு எனக்கு அவனும் அவனுக்கு நானும்தான். அமரவிளையில் தையல் கடை வைத்திருந்தான், வீட்டிலும் ஒரு மெஷின் உண்டு. மதாம்மா கொடுத்த கம்பளித் துணியில் எனக்குக் கோட்டு தைத்துக்கொண்டிருந்தான். வலது கை மட்டும் பாக்கி.

ஒரு ஊர்வலத்தில் கல்லெறியும் தடியடியும் ஆகி, அவன் ஒற்றசேகரமங்கலத்தில் மாமா வீட்டுக்குப் போய் மூன்று நாள் மறைந்திருந்தான். நாலாம் நாள் காலையில் திரும்பி வந்து மெஷினில் உட்கார்ந்தான். பத்து மணிக்குள் லாரி வந்துவிட்டது.

நாலு பேர், ஏட்டு முன்னால். கூட யார் யார் கல்லெறிந்தார்கள் என்று பேர் கேட்டார்கள். அண்ணன் தெரியாது என்றான். இரண்டு பேர் அவனுடைய வலது கையை மெஷின் பலகையில் விரித்து அழுத்தினார்கள். ஏட்டு லத்தியின் பூண் போட்ட முனையால் விரல்மேல் அடித்தார். ஒரு அடி, ஒரு பேர் கேட்பது. மறுபடி ஒரு அடி. மூன்றாவது அடியில் சத்தம் மாறியது. காய்ந்த மட்டை ஒடிகிற சத்தம். அண்ணன் அப்போதும் பேர் சொல்லவில்லை, வாந்தி எடுத்தான்.

நான் அடுக்களைவழி ஓடினேன். அண்ணனுக்கு ஆள் கூப்பிட ஓடினேன் என்று வெகுகாலம் எல்லோரிடமும் சொல்லி வந்தேன். உண்மை அதுவல்ல. கக்கத்தில் கட்டு இருந்தது. அதில் ரத்தம் பட்டால் பம்பாயில் எடுக்க மாட்டார்களே என்றுதான் ஓடினேன்.

பின்பக்கம் நின்ற போலீஸ்காரன், பெண்ணின் கையில் நோட்டீஸ் கட்டு இருக்கிறது என்று சத்தம் போட்டான். அப்போது ஊர்வல நோட்டீசுகளை அப்படித்தான் சுற்றி ஒளித்து வைப்பார்கள். வாழை மரத்து மூட்டில் என்னை மறித்தார்கள். ஏட்டு உள்ளேயிருந்து வந்து கையை நீட்டினார்.

“தரமாட்டேன் ஏமானே. இது எனக்க பேப்பராக்கும்.”

இரண்டாவது தடவை அவர் கேட்கவில்லை. லத்தி இடது புருவத்தின் மேல் விழுந்தது. முதலில் வலியில்லை, ஒரு வெள்ளை வெளிச்சம்தான். பிறகு கண்ணுக்குள் சூடாக ஒழுகியது. விழுந்தும் நான் கட்டை விடவில்லை. மணிக்கட்டை பூட்ஸால் மிதித்துத்தான் எடுத்தார்கள். அவிழ்த்துப் பார்த்தால் ஞானஸ்நான நகல், மஞ்சள் புத்தகம், பாஸ்போர்ட்டுக்கு அனுப்பிய விண்ணப்ப பாரத்தின் நகல், போட்டோ. ஏட்டு போட்டோவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். எல்லாவற்றையும் என் வயிற்றின்மேல் போட்டுவிட்டு அண்ணனை லாரியில் ஏற்றிக்கொண்டு போனார். மூன்றாம் நாள் விட்டார்கள். அதற்குள் விரல்கள் கறுத்து, எது எந்த விரல் என்று தெரியாதபடி வீங்கியிருந்தன.

டாக்டர் எனக்கு ஏழு தையல் போட்டார். அண்ணனின் விரல்களுக்கு மூங்கில் பத்தை வைத்துக் கட்டினார். இரண்டு பேருக்கும் காயச் சான்று எழுதினார். தடியால் அடித்த காயம் என்று எழுதும்போது அவர் முகம் சிவந்திருந்தது.

நெய்யாற்றின்கரையில் ஒரு வக்கீல் இரண்டு தாளையும் வாசித்தார். ஊர்வலத்துக்குப் போனவன் கை ஒடிந்தால், கூட்டத்தில் மிதிபட்டு ஒடிந்தது என்று சொல்லித் தப்பித்துவிடுவார்கள். இந்தப் பெண் ஊர்வலம் போகாதவள், தன் வீட்டு முற்றத்தில் அடி வாங்கியவள், ஆகவே இந்தத் தாளில்தான் கேஸ் நிற்கும் என்றார். அண்ணன் அன்று பஸ்ஸில் என்னிடம் நன்றாகப் பேசினான். தையல்காரனுக்கு விரல் போனால் என்ன மிச்சம்? அந்தக் கேஸ்தான் மிச்சம். இரண்டு சான்றையும் என் கட்டிலேயே வைத்துக்கொள்ளச் சொன்னான். காகிதம் காக்க என்னை விட்டால் ஆள் இல்லை என்று அவனுக்குத் தெரியும்.

எனக்கோ வேறு கவலை. பாஸ்போர்ட் பாரத்தில் அங்க அடையாளம் என்று ஒரு இடம் உண்டு. போதகர் அதில் ‘இடது புருவத்தின் மேல் கறுத்த மச்சம்’ என்று எழுதியிருந்தார். தையல் பிரித்த பிறகு கண்ணாடியில் பார்த்தேன். மச்சம் இல்லை. அது இருந்த இடத்தில் தோல் இரண்டாகப் பிளந்து ஒட்டியிருந்தது. நான் நானில்லை என்று துறைமுகத்தில் திருப்பி அனுப்பினால்? இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. கடைசியில் போதகர் வேறு பாரம் எழுதினார். மச்சம் என்ற இடத்தில் தழும்பு. வேறு பாரம் போனால் வேறு போலீஸ் விசாரணை வரும் என்பதை நாங்கள் யாரும் யோசிக்கவில்லை.

விசாரணைக்கு அந்த ஏட்டுதான் வந்தார். தனியாக, சைக்கிளில், ஒரு மத்தியானம். முற்றத்தில் ஸ்டூல் போட்டேன். அண்ணன் மெஷின் முன்னால் கையைக் கட்டித் தொங்கவிட்டு உட்கார்ந்திருந்தான். ஏட்டு அவனைப் பார்க்கவே இல்லை. பாரத்தை மடியில் விரித்து, அப்பன் பேர், வீட்டுப் பேர், எந்தச் சபை என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். குரல் தாழ்ந்துதான் இருந்தது. பிறகு பேனாவைத் தழும்பு என்ற சொல்லின்மேல் வைத்துக்கொண்டு கேட்டார்.

“இது எங்ஙனெ பற்றி?”

எப்படி ஆயிற்று என்று அவர் கேட்கிறார். லாரியும் வாழை மூடும் எனக்கு நினைவில் இருக்கிற மாதிரி அவருக்கும் இருந்தது, கண்ணைப் பார்த்தால் தெரிந்தது. கப்பலுக்கு ஏழு வாரம் இருந்தது. அண்ணனின் மூச்சு மெஷின் பக்கமிருந்து கேட்டது.

“கெணத்துக் கரையில சறுக்கி விழுந்தேன் ஏமானே.”

அவர் அதை எழுதினார். எழுதி முடித்து, கேஸில் சாட்சியாக நிற்கிறவளுக்குப் பாஸ்போர்ட் கொடுக்கச் சிபாரிசு எழுத முடியாது என்றும், கேஸ் ஒன்றும் இல்லையென்றால் இன்றைக்கே எழுதிவிடலாம் என்றும் மலையாளத்தில் பொதுவாகச் சொன்னார். மிரட்டுகிறவர் மாதிரியே இல்லை. மழை வருமா என்று பேசுகிற மாதிரி. பிறகு அன்று நீட்டியது போலவே கையை நீட்டினார்.

நான் கட்டைக் கொடுத்தேன்.

அவர் வாழைநாரை மெதுவாக அவிழ்த்தார். ஒவ்வொரு தாளாகப் புரட்டி, என் காயச் சான்றை மட்டும் எடுத்து நாலாக மடித்து நிக்கர் பையில் வைத்தார். அண்ணனுடையதை எடுக்கவில்லை. மற்றதெல்லாம் இருந்த வரிசையிலேயே அடுக்கி, கட்டித் தந்தார். புதுப் போட்டோ எடுத்துப் பாரத்தோடு வைக்கச் சொல்லிவிட்டு சைக்கிளில் ஏறினார்.

அண்ணன் எழுந்தான். ஆணியில் தொங்கிய கோட்டை உருவிப் பலகையில் போட்டு, பெரிய கத்தரியை இடது கையில் எடுத்தான். தையல்காரன் கத்தரி இடது கைக்கு வெட்டாது. கம்பளி அலகுக்கு நடுவே மடங்கி மடங்கி வழுக்கியது. அவன் பல்லைக் கடித்துக்கொண்டு அமுக்கினான், மறுபடி வழுக்கியது. கத்தரியைச் சுவரில் எறிந்தான். சாந்து பெயர்ந்து விழுந்தது.

“அண்ணைக்கு ரத்தம் ஒழுகினப்பவும் விடாதவளாக்கும் நீ. இண்ணைக்கு அவன் சத்தமாக்கூடப் பேசல்ல. ஏம் பிள்ளே குடுத்த?”

எனக்குப் பதில் இருந்தது. எனக்கு இங்கே இருக்கப் பயம் என்ற ஒரு பதில்தான். அதைச் சொல்ல வாயைத் திறப்பதற்குள் அவன் அடித்தான். எந்தக் கை என்று யோசிக்காமல் அடித்தான். பத்தை வைத்துக் கட்டிய வலது கை நேரே தழும்பின்மேல் இறங்கியது. அலறியது அவன்தான். கையை வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு தரையில் சுருண்டான். எனக்குப் புருவம் மறுபடி பிளந்து, ரத்தம் தாடை வழியாக ஜம்பரில் இறங்கியது. நான் அப்போது என்ன நினைத்தேன் தெரியுமா? நாளைக்குப் போட்டோ எடுக்க வேண்டுமே என்று நினைத்தேன்.

நெய்யாற்றின்கரை ஸ்டுடியோக்காரர் பிளாஸ்திரியோடு எடுத்தால் செல்லாது என்றார். நானே உரித்தேன். துடைத்துத் துடைத்து, ரத்தம் நின்ற ஒரு நிமிஷத்தில் எடுத்தார்.

பாஸ்போர்ட் வந்தது. இரண்டு விசாவும் வந்தன. பம்பாய் ரயிலேறிய அன்று அண்ணன் வீட்டில் இல்லை. ஒற்றைக் கை இல்லாத கோட்டை எடுத்துக்கொண்டு போனேன்.

சுவிட்சர்லாந்தின் எல்லையில் ரயில் நின்று, சீருடை போட்ட ஒருவர் எங்கள் பெட்டிக்குள் வந்தார். காகிதங்களுக்காகக் கையை நீட்டினார். நான் குழந்தையைச் சீட்டில் போட்டுவிட்டு, இரண்டு கையாலும் முகத்தை மறைத்துக் கீழே குனிந்துவிட்டேன். அந்த மனிதர் இரண்டடி பின்னால் போய், கதவோரம் நின்றுகொண்டார். மதாம்மாதான் என் கட்டை எடுத்துக் கொடுத்தார். சீருடைக்காரர் தழும்பை அருகில் வந்து பார்க்கக்கூட இல்லை. முத்திரை அடித்தார்.

இரண்டு வருஷம் கழித்து நான் திரும்பும்போது எல்லை போட்டு முடித்திருந்தார்கள். களியக்காவிளைக்கு அந்தப் பக்கம் தமிழ்நாட்டுக்குப் போனது, எங்கள் வீடு இந்தப் பக்கம் மலையாள ராஜ்யத்திலேயே நின்றது. அண்ணனின் கேஸ் வக்கீல் சொன்ன மாதிரியே தள்ளுபடியாகியிருந்தது. கூட்டத்தில் மிதிபட்டு ஒடிந்த விரல் என்று தீர்ப்பு. மெஷினை விற்றிருந்தான்.

வந்த ஒரு வாரம் அவன் என்னிடம் பேசவில்லை. எட்டாம் நாள் காலையில், அந்தப் புத்தகத்தைக் காட்டு என்றான். கட்டை அவிழ்த்துப் பாஸ்போர்ட்டைக் கொடுத்தேன். இடது கையால் புரட்டினான்.

“இதுல இங்கிலீஷுல என்ன எழுதியிருக்கு?”

“இடது புருவத்துக்கு மேல தழும்புண்ணு.”

“எப்படி வந்ததுண்ணு இல்லியா?”

“அதுக்கு எடம் கெடையாது அண்ணா.”

அவன் போட்டோவை வெளிச்சத்துக்குப் பிடித்து வெகுநேரம் பார்த்தான். புருவம் உப்பி, ஒரு கண் பாதி மூடிய என் முகம். மடங்காத விரல் ஒன்றால் அதன்மேல் தொட்டான்.

“இந்த வீக்கம் ஏட்டுக்கது இல்ல,” என்றான். “இது நான் அடிச்சதாக்கும்.”